உரிமையாளர் எனச் சொல்லிக்கொள்பவர்

என் வீடு என்னுடையது இல்லை என்ற விஷயம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மருந்துக்கடைக்காரர் வந்து சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

அவர் என் வீட்டை வாங்குவதாக இருந்தவர். மூன்று தடவை வந்து, குழாய்களைத் திறந்து மூடி, சுவரைத் தட்டி, மொட்டைமாடியில் நின்று காற்று வாங்கி, பேசி முடித்துவிட்டுப் போனவர். அன்றைக்கு வந்தவர் உட்காரவில்லை. டீ வேண்டாம் என்றார். பையிலிருந்து பத்திரப்பதிவு அலுவலகச் சான்றிதழ் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்து, விரலால் ஓரிடத்தைக் காட்டினார். 'உரிமையாளர்' என்ற கட்டத்தில் என் பெயர் ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'எனச் சொல்லிக்கொள்பவர்' என்று சேர்த்திருந்தார்கள்.

"என்ன சார் இது?" என்றேன்.

"அதை நான்ல கேக்கணும்? வீடு உங்களோடதுதானே?"

"இருபத்திரண்டு வருஷமா."

"அப்ப ஏன் இப்படிப் போட்டிருக்கான்? யாரோ ஆட்சேபணை குடுத்திருக்காங்களாம். தப்பா எடுத்துக்காதீங்க. முதல்ல இதைச் சரி பண்ணிட்டு வாங்க. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

பிள்ளைகுட்டி இருப்பவர்கள் சிவப்பு மையைக் கண்டால் பயப்படுவார்கள். நான் அவரைக் குறை சொல்லவில்லை.

வீட்டை ஏன் விற்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது மாடியில். பதினெட்டுப் படி. என் மனைவிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. இறங்கவேண்டும் என்றால் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, கையை ஊன்றி, அடுத்த படிக்கு நகர்ந்து, அரை மணி நேரம் ஆகும். அந்த வருஷத்தில் அவள் தெருவைப் பார்த்தது மூன்று தடவை. மூன்றும் டாக்டரிடம் போவதற்கு. இதை விற்றுவிட்டு இரண்டு தெரு தள்ளி தரையோடு இருக்கும் ஒரு வீட்டை வாங்கிவிடலாம் என்று ஏற்பாடு.

கீழ்த்தளத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். என் தம்பி இருக்கிறான். முன்பக்கம் அவனுடைய நகல் கடை, பின்பக்கம் அவன் அறை. அவனை எழுப்பிவிட்டு நாங்கள் கீழே வந்திருக்கலாமே என்றும் கேட்பீர்கள். ஊரே கேட்டது. கடை வைத்துப் பிழைப்பவனை எழுப்ப மனசு வரவில்லை. எங்கள் அப்பா போகும்போது அவனுக்கு ஒன்பது வயசு. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத என் மனைவிதான் அவனைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கினாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. இருந்திருந்தால் அவனுக்குத் தம்பி என்றுதான் சொல்லியிருப்போம். புது வீட்டிலும் தெருவைப் பார்த்த அறையை அவன் மிஷினுக்கு என்று ஒதுக்கியாகிவிட்டது.

நான் பூட்டு ரிப்பேர் செய்பவன். எங்கள் வட்டாரத்தில் 'பூட்டு அண்ணன்' என்றால் நான்தான். சாவியைத் தொலைத்தவர்கள் என்னைத் தேடி வருவார்கள். பூட்டைத் தொடுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இவர் வீடுதானே?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன். அவர் ஆமாம் என்றால் திறந்துவிடுவேன். இதற்கு மேல் ஒரு வீட்டுக்கு ஆதாரம் தேவை என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

சான்றிதழைத் தம்பியிடம் காட்டினேன். அவன் பதறிப்போனான்.

"எந்த நாய்ண்ணே இப்படிப் பண்ணுச்சு? சும்மா விடக்கூடாது. நானும் வரேன். ஆபீஸ்காரங்ககிட்ட உனக்குப் பேசத் தெரியாது."

கடையைச் சாத்திவிட்டு வந்தான். வண்டியில் அவன் பின்னால் உட்கார்ந்துகொண்டு போகும்போது, இப்படி ஒருத்தன் கூட இருக்கிறானே என்று எனக்குக் கண் கலங்கியது. காற்று என்று துடைத்துக்கொண்டேன்.

பத்திரப்பதிவு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது ஆட்சேபணைப் பிரிவு. வாசலில் பளபளவென்று ஒரு பலகை. 'ஆட்சேபணைக்கு ஆதாரம் தேவையில்லை. மறுப்புக்கு ஆதாரம் கட்டாயம்.' அதன் கீழே இரண்டு ஜன்னல்கள். ஆட்சேபணை கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் மின்விசிறி, நாற்காலிகள், தண்ணீர்க் கூஜா. மறுப்பு கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் ஒரு வரிசை இருந்தது. வரிசை மாடிப்படி வழியாக இறங்கி இரண்டாவது மாடி வரைக்கும் போனது. ஆனால் இரண்டு ஜன்னலுக்கும் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரே குமாஸ்தாதான். சக்கரம் வைத்த நாற்காலியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டுகொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் எங்கள் முறை வந்தது.

"சார், என் வீட்டுமேல யாரோ ஆட்சேபணை குடுத்திருக்காங்க. யாருன்னு சொல்லுங்க."

"அது ரகசியம்," என்றார் குமாஸ்தா. "ஆட்சேபணை குடுக்கறவங்க பொதுநலத்துக்காகக் குடுக்கறாங்க. பேரைச் சொல்லிட்டா நீங்க போய்ச் சண்டை போடுவீங்க."

"சரி, என்னன்னு குடுத்திருக்காங்க?"

"அதுவும் ரகசியம்."

"என்னன்னே தெரியாம நான் எப்படி சார் மறுக்கறது?"

"அதுக்குத்தான் படிவம் இருக்கு." பதினெட்டுப் பக்கப் புத்தகம் ஒன்றை ஜன்னல் வழியாகத் தள்ளினார். "உங்களைப் பத்தி என்னென்ன சொல்லியிருக்கலாமோ எல்லாத்தையும் யோசிச்சு, ஒவ்வொண்ணா மறுத்து எழுதிக் கொண்டாங்க. மூணு நகல்."

நகலுக்கு வெளியே போகவேண்டியதில்லை. வீட்டிலேயே கடை இருக்கிறது. நாலு நாள் உட்கார்ந்து யோசித்து எழுதினேன். இந்த வீட்டை நான் திருட்டுப் பணத்தில் வாங்கவில்லை. சூதாட்டத்தில் ஜெயிக்கவில்லை. மிரட்டி எழுதி வாங்கவில்லை. போலிப் பத்திரம் தயாரிக்கவில்லை. வேறொருவர் வீட்டில் பூட்டை உடைத்துக் குடியேறவில்லை. இப்படிப் பதினான்கு. தம்பி பொறுமையாக ஒவ்வொரு பக்கமாகப் படித்துப் படித்து நகல் எடுத்துக் கொடுத்தான். "அருமையா எழுதியிருக்கண்ணே," என்றான்.

பத்து நாளில் பதில் வந்தது. ஆட்சேபணையாளர் என்மேல் சொன்னது ஒரே ஒரு விஷயம்தானாம். அதை நான் மறுக்கத் தவறிவிட்டேனாம். யாருமே சொல்லாத பதினான்கு குற்றங்களை நானாக முன்வந்து குறிப்பிட்டிருப்பதால், அவை பதினான்கும் 'சந்தேகத்துக்கு இடமளிக்கும் தகவல்கள்' என்று பதிவேட்டில் ஏற்றப்பட்டுவிட்டனவாம். ஒத்துழைப்புக்கு நன்றி என்று கடைசியில் ஒரு வரி.

பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நேராகத் துணை அலுவலரின் அறைக்கே போனேன். தம்பி பத்திரப் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான். துணை அலுவலர் நல்ல மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார். பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முத்திரை நல்லா விழுந்திருக்கு," என்றார்.

"இந்த ஆபீஸ் முத்திரைதான் சார். நீங்க பதிவு பண்ணிக் குடுத்ததுதான்."

"அதான் பிரச்சினையே. எங்க முத்திரையை நாங்களே நம்பினா வெளியில என்ன பேசுவாங்க? தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கறான்னு சொல்ல மாட்டாங்களா? வேற ஆபீஸ் முத்திரை ஏதாவது இருந்தா கொண்டாங்க."

"வேற ஆபீஸ்ல யாரும் வீடு பதியறதில்லையே சார்."

"வாஸ்தவம்," என்று அனுதாபமாகத் தலையாட்டினார். "இங்க பாருங்க, உங்க கோபம் எனக்குப் புரியுது. ஆனா ஒரு உண்மையை நிரூபிக்க எவ்வளவு நாளாகும்னு நினைக்கறீங்க? ரெண்டு வருஷம், மூணு வருஷம். பொதுஜனம் அவ்வளவு நாள் காத்துக்கிடக்கணுமா? அதனாலதான் நாங்க உண்மைப் பக்கமே போறதில்லை. யார் வந்து எதைச் சொன்னாலும் நாலு நிமிஷம். பதிவு முடிஞ்சிடும். போன வருஷம் எவ்வளவு ஆட்சேபணை பதிஞ்சோம் தெரியுமா? இந்த ஊர்ல இருக்கற வீடுகளைவிட அதிகம். இந்த வேகத்தை நீங்க எங்கயாவது பார்த்ததுண்டா?"

பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் சந்தோஷப்பட்டு எனக்கு டீ வரவழைத்தார். டீ நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு மறுப்பாக எழுத எழுத, மறுப்பில் எந்த வரி பலவீனமோ அந்த வரியைச் சரியாகக் குறிவைத்துப் புது ஆட்சேபணை வந்தது. ஏழாவது பக்கம் நாலாவது வரியில் நான் வருஷத்தைத் தப்பாக எழுதியிருந்தேன். அது எனக்கே தெரியாது. ஆட்சேபணையாளருக்குத் தெரிந்திருந்தது. "எதிராளி பயங்கரக் கெட்டிக்காரன்டா," என்று தம்பியிடம் சொன்னேன். "ஆமாண்ணே, படிச்சவனா இருப்பான்," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவா இருக்குமோ? அவங்க வாசல்ல நின்னு நம்ம வீட்டையே பாக்கறதை நான் ரெண்டு மூணு தடவை பாத்தேன்," என்றான்.

தையல்காரம்மா பதினைந்து வருஷப் பழக்கம். என் மனைவிக்கு முட்டிவலி அதிகமான நாளில் கடைக்குப் போய்வருவது அந்த அம்மாதான். அன்றிலிருந்து நான் அவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். "எல்லாம் உங்க புண்ணியம்," என்றேன்.

இதற்குள் அந்தச் சிவப்பு வார்த்தைகள் பதிவேட்டிலிருந்து இறங்கி ஊருக்குள் நடக்க ஆரம்பித்திருந்தன. ஒரு அலுவலகத்தின் பதிவை இன்னொரு அலுவலகம் அப்படியே எடுத்துக்கொள்ளுமாம். மின்சார அட்டையில் 'நுகர்வோர் எனச் சொல்லிக்கொள்பவர்' என்று வந்தது. தண்ணீர் இணைப்பிலும் அதே. பூட்டு வேலை செய்வதற்கான உரிமத்தைப் புதுப்பிக்கப் போனால் 'பூட்டுக்காரர் எனச் சொல்லிக்கொள்பவர்' என்று கொடுத்தார்கள். டாக்டர் வீட்டில் நர்ஸ் அம்மா சீட்டைப் பார்த்து, எல்லார் முன்னாலும், "கணவர்னு சொல்லிக்கறவர் யாருங்க, உள்ள வாங்க," என்று கூப்பிட்டாள்.

என் மனைவி ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "இருபத்தெட்டு வருஷமா நானும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்," என்றாள்.

சிரிப்பு அதோடு சரி. வேலை குறைந்தது. ஒரு வீட்டு அம்மா சாவியைத் தொலைத்துவிட்டு வெளியே நின்றுகொண்டிருந்தாள். நான் ஓடினேன். என் கருவிப் பெட்டியைத் திறக்கவிடவில்லை. "உங்க வீடே உங்களோடது இல்லையாமே? எங்க பூட்டைத் திறந்துட்டு இதையும் உங்க வீடுன்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்?" என்றாள். நான் அப்படியெல்லாம் செய்பவன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். செய்யாததைச் சொல்லி மாட்டிக்கொண்ட பதினான்கு ஞாபகம் வந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

எட்டாவது மாதம், நடத்தை ஆய்வாளர் என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். காகிதத்தால் தீராத வழக்குகளில், உரிமை கோருபவர் உரிமையாளரைப் போல நடந்துகொள்கிறாரா என்று நேரில் பார்ப்பார்களாம். கையில் ஒரு சுத்தியலும் நாலங்குல ஆணியும் கொண்டுவந்திருந்தார். தம்பியும் கடையை விட்டுவிட்டு மேலே வந்து நின்றுகொண்டான்.

"இந்தச் சுவர்ல அடிங்க," என்றார் ஆய்வாளர்.

எனக்குக் காரணம் புரியவில்லை. ஆனால் சுத்தியல் பிடிப்பது என் தொழில். இடது கைவிரலால் பிடித்து, ஒரே போடு. காரை உதிரவில்லை, கோணவில்லை. ஆய்வாளர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுதினார்.

"என்ன சார் எழுதறீங்க?"

"சொந்த வீட்டுக்காரன் ஆணி அடிக்கறப்போ கை கூசும். தடவிப் பார்ப்பான், தட்டிப் பார்ப்பான், 'வேற இடம் பாக்கலாமா'ன்னு கேப்பான். குடியிருக்கறவன்தான் யோசிக்காம அடிப்பான். உங்க கை கூசவே இல்லை."

பிறகு சுத்தியலைத் தம்பியிடம் நீட்டினார். "நீங்க இன்னொண்ணு அடிங்க, ஒப்பிட்டுப் பார்க்க."

தம்பி இரண்டடி பின்னால் போனான். "ஐயோ, வேண்டாம் சார்! சுவர் விரிசல் விட்டுடும். போன வருஷம்தான் பூசினது."

ஆய்வாளரின் முகம் மலர்ந்துவிட்டது. வேகவேகமாக எழுதினார். எழுதியதைப் பெருமையாக எனக்கே படித்துக் காட்டினார். 'வீட்டின் மீது இயல்பான உரிமையுணர்வு கீழ்த்தளத்தில் வசிப்பவரிடம் காணப்படுகிறது.' அவர் போனதும் நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தம்பி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பதினோராவது மாதம் ஒரு அழைப்பிதழ் வந்தது. தடித்த அட்டை. ஆட்சேபணைப் பிரிவின் ஆண்டு விழா, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. ஆட்சேபிக்கப்பட்டவர்கள் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். வராதவர்கள் தங்கள் மீதான ஆட்சேபணையை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படுவர். அன்றைக்கு மட்டும் தம்பியால் வரமுடியவில்லை. மிஷினுக்கு மை வாங்க வெளியூர் போகவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டான். நான் பஸ் பிடித்துப் போனேன்.

பெரிய அரங்கு. எங்களுக்கு இடது பக்கம் தனியாக இடம் ஒதுக்கியிருந்தார்கள். இருநூறு முந்நூறு பேர் இருப்போம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நடுவில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பியூன் நடந்துகொண்டிருந்தார். யார் கை தட்டுகிறார்கள், யார் தட்டவில்லை என்று குறிப்பது அவர் வேலை.

தலைமை அலுவலர் பேசினார்.

"நண்பர்களே! ஒரு வீட்டுக்கு ஒரு உரிமையாளர் என்பது பழைய காலம். அவர் தூங்கிவிட்டால் வீட்டை யார் கவனிப்பது? இன்று ஒவ்வொரு வீட்டின்மீதும் சராசரியாக ஒன்றே கால் ஆட்சேபணை இருக்கிறது. இதனால் எவராலும் எதையும் விற்க முடியாது. விற்க முடியாததால் எவரும் ஏமாற்றப்பட முடியாது. வீட்டு விற்பனையில் மோசடி என்பதையே நாம் ஒழித்துவிட்டோம்! விற்பனையும் ஒழிந்துவிட்டது என்று சிலர் குறை சொல்கிறார்கள். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அவர்கள் வீட்டின்மீதும் ஆட்சேபணை பதிந்தாகிவிட்டது."

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன்.

அடுத்து விருது. அந்த வருஷத்தின் சிறந்த ஆட்சேபணையாளர். ஒரே வீட்டின்மீது ஏழு ஆட்சேபணைகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் துல்லியம். விருது வாங்குபவருக்கு மட்டும் ரகசியம் தளர்த்தப்படுகிறது என்று அறிவித்தார்கள். மேடைக்கு வந்தவன் என் தம்பி.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை எப்படிச் சொல்ல. கூட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளையைப் பார்த்ததும் மனசு தானாக எழுந்துவிடுகிறது. மை வாங்கப் போனவன் திரும்பி வந்துவிட்டானே, எனக்காக ஏதோ பேசத்தான் மேடை ஏறியிருக்கிறான் என்று நினைத்தேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். வெளியூர் போகிறவன் கசங்கலாகப் போகக்கூடாது என்று அன்று காலையில் என் மனைவி வலியோடு நின்று இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை. தலைமை அலுவலர் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு முதல் ஆட்சேபணையைப் படித்தார்.

'நான் இவருடைய உடன்பிறந்த தம்பி. இந்த வீடு எங்கள் தந்தையார் வாங்கியது. தந்தையார் மறைவுக்குப் பின் அண்ணன் என்னை ஏமாற்றி வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார்.'

எங்கள் அப்பா இறந்து ஐந்து வருஷம் கழித்து நான் வாங்கிய வீடு அது. அப்பா அந்தத் தெருவையே பார்த்ததில்லை.

பியூன் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "கை தட்டுங்க சார். நீங்க மட்டும்தான் பாக்கி." என் இரண்டு கையையும் பார்த்தேன். இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டேன். அவர் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. நம்பும்வரைக்கும் மூன்று தடவை சொன்னேன். பிறகு அவள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய், முதல் படியில் உட்கார்ந்தாள். நான் தடுத்தும் கேட்கவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் பாதி வழியில் இருக்கும்போது தம்பி கையில் விருதுக் கோப்பையோடு கீழே வந்து நின்றான். அண்ணியைப் படியில் பார்த்ததும் கோப்பையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"என் முட்டி உனக்குத் தெரியாதாடா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அவன் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினான். "வீட்டை விக்கறேன்னு முடிவு பண்ணினியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியாண்ணே? கடையைத் தூக்கிட்டு உன் பின்னாடியே வரணுமா? எத்தனை நாளைக்கு உன் வீட்டு மூலையில இருப்பேன்? எனக்குன்னு ஒண்ணு வேண்டாமா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா."

"கேக்கறதுக்கு எனக்குக் கூச்சமா இருந்துச்சு."

அண்ணனிடம் கேட்கக் கூச்சப்பட்டவன் அலுவலகத்தில் ஏழு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறான். பதினோரு மாதம் என்னை வண்டியில் வைத்துக்கொண்டு போனவன், என் எழுத்தை ஒவ்வொரு பக்கமாகப் படித்தவன், பக்கத்து வீட்டு அம்மாமேல் பழி போட்டவன், ஆணி அடித்ததற்கு என்னோடு உட்கார்ந்து சிரித்தவன். அடிக்கக் கை ஓங்கினேன். ஒன்பது வயசில் அழுதுகொண்டு நின்ற அதே முகம். கையை இறக்கிவிட்டேன்.

"கீழ்த்தளத்தை என் பேருக்கு எழுதிக் குடு. நாளைக்கே எல்லாத்தையும் வாபஸ் வாங்கறேன்," என்றான்.

என் மனைவி படியிலேயே உட்கார்ந்திருந்தாள். மேலே ஏறவும் முடியவில்லை, கீழே இறங்கவும் பிடிக்கவில்லை. தையல்காரம்மா சத்தம் கேட்டு வந்து, ஒன்றுமே கேட்காமல் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருமாக அவளை மேலே கொண்டுபோனோம். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன தம்பி," என்று சொன்னார்களே தவிர, என் முகத்தைப் பார்க்கவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவன் கேட்டதைக் கொடுத்துத் தொலைத்துவிடலாமா என்று யோசித்தேன். திங்கட்கிழமை காலையில் குமாஸ்தாவின் முன்னால் போய் நின்றேன்.

"ஆட்சேபணை குடுத்தவரே வாபஸ் வாங்கிட்டா சரியாயிடுமா சார்?"

"ஆகாது," என்றார். "வாபஸ் வாங்கினா முதல்ல சொன்னது பொய்னு ஆயிடும். பொய் சொன்னவர் இப்ப சொல்றதை மட்டும் எப்படி நம்பறது? வாபஸை நிராகரிச்சுட்டு ஆட்சேபணையை வச்சுக்குவோம். அதுதான் விதி."

"அப்ப என் வீடு?"

குமாஸ்தா சுற்றும் முற்றும் பார்த்தார். பதினோரு மாதமாக என்னைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் அலுத்துப்போயிருக்க வேண்டும். நாற்காலியை உருட்டிக்கொண்டு மின்விசிறி இருக்கும் ஜன்னலுக்குப் போய், என்னையும் அங்கே வரச் சொன்னார்.

"நீங்க இவ்வளவு நாளா தப்பான வரிசையில நிக்கறீங்க. மறுப்பு எழுதி இங்க யாரும் ஜெயிச்சதில்லை. நீங்க ஒரு ஆட்சேபணை குடுங்க."

"எதுமேல?"

"உங்க தம்பிமேல. அவர் எழுதினது பூராவும் உடன்பிறந்த தம்பிங்கற முறையில. 'அவர் என் தம்பியே இல்லை'ன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அவர் தம்பிதான்னு நிரூபிக்கற வரைக்கும் ஏழும் செல்லாது. அதுக்கு அவர் பதினெட்டுப் பக்கம் எழுதணும், மூணு நகல். உங்க சான்றிதழ் நாளைக்கே சுத்தமா வந்துடும். மருந்துக்கடைக்காரரை வரச் சொல்லிடுங்க."

"ஆதாரம்?"

"பலகையைப் படிக்கலையா நீங்க?"

ஒரு மஞ்சள் தாளைத் தள்ளினார். நாற்காலியில் உட்கார்ந்தேன். காற்று நன்றாக வந்தது. யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன். எங்கள் அம்மா உயிரோடு இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

குமாஸ்தா வாங்கிப் படித்தார். முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். ஆனால் குத்தவில்லை. அந்த ஜன்னலில் எதையும் கேட்கக்கூடாது என்பது விதி. அவர் முன்னால் சாய்ந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"உண்மையாவா சார்?"

"போன வெள்ளிக்கிழமை வரைக்கும் பொய்," என்றேன்.